சைபருக்குக் கிடைத்த விருது

ஏழு வருடங்களுக்கு முன்பு, நவம்பர் மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மாலை, ரொறன்ரோ நகர மத்தியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது இது. பல்கலைக்கழகக் கால்பந்து அணிகளில் ஆண்டுதோறும் சிறந்த தடுப்பாட்டக்காரருக்குக் கொடுக்கும் விருது அந்த வருடம் என் மகனுக்குக் கிடைத்திருந்தது.

கால்பந்து என்றால் நாங்கள் விளையாடிய கால்பந்து அல்ல. தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஓடுபவனை மறித்து விழுத்துவதுதான் மகனின் வேலை. நானோ படிக்கிற காலத்தில் கல்லூரி அணிக்குக் கோல் அடித்தவன். அடிப்பவன்தான் ஆட்டக்காரன் என்பது என் எண்ணம். அவன் ஆடிய நான்கு வருடத்தில் ஒரு ஆட்டத்துக்கும் நான் போனதில்லை. மனைவிதான் குளிரென்றும் பாராமல் ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணீரோடு போவாள். மகன் மல்வேர்னில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்ததும் நான் கேட்பது ஒன்றே ஒன்று.

“இண்டைக்கு எத்தினை அடிச்சனீ?”

“சைபர், அப்பா. நான் மறிக்கிற ஆள்.”

“வேலியிலை நிண்டு மாடு மறிக்கிறவனும் மறிக்கிற ஆள்தான்.”

முதலில் அவனும் சிரித்தான். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டான். நான் கேட்பதை விடவில்லை.

விருந்தில் பெற்றோருக்கென்று இரண்டு கதிரைகள் ஒதுக்கியிருந்தார்கள். மனைவி அந்த வருடம் வசந்தத்தில் காலமாகிவிட்டாள். அவளுடைய கதிரையில் என் குளிர் கோட்டை வைத்துவிட்டு இருந்தேன். மேசையில் இருந்த மற்றப் பெற்றோர்கள் நான்கு வருடமாகச் சேர்ந்திருந்து ஆட்டம் பார்த்தவர்கள். ஒரு பெண் என் மனைவி கொண்டுவரும் வடையைப் பற்றிச் சொல்லிக் கண் கலங்கினாள். அவள் வடை கொண்டுபோனதே எனக்குத் தெரியாது. எந்த ஆட்டம் உங்களுக்கு மிகவும் பிடித்தது என்று அந்தப் பெண்ணின் கணவர் கேட்டார். எல்லாமே என்று பொய் சொன்னேன்.

விளக்கை அணைத்து, மகனின் ஆட்டத்தைத் திரையில் காட்டினார்கள். தன்னைவிட மிகப் பெரிய ஒருவனை எல்லைக் கோட்டுக்கு அருகே இடுப்பில் பிடித்து விழுத்தினான். பிறகு எழுந்து, விழுந்தவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். என் பிள்ளையின் ஆட்டத்தை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

மேடையில் ஆங்கிலத்தில் பேசினான். பயிற்றுநர்களுக்கும் அம்மாவுக்கும் நன்றி சொன்னான். பிறகு, ஒவ்வொரு ஆட்டம் முடியவும் எத்தனை அடித்தாய் என்று அப்பா கேட்பார், நான்கு வருடமும் என் பதில் சைபர்தான், சைபருக்கும் ஒரு விருது இருக்கிறது அப்பா என்றான். மண்டபமே சிரித்துக் கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர் என் தோளில் தட்டினார். அது பகிடி இல்லை என்று தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர்தான்.

திரும்பும்போது அவன் காரை ஓட்டினான். சொல்லவேண்டியதை வழி முழுவதும் மனதுக்குள் வசனமாகக் கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் அவனே கேட்டான்.

“அப்பா, ஓகேயா இருந்ததோ?”

“விருந்திலை கோழி சரியா அவியேல்லை” என்றேன்.

“ஓம்” என்றான். நான் இறங்கியதும், உள்ளே வராமலே காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது அவன் கல்கரியில் இருக்கிறான். பிறந்தநாளுக்கும் நத்தார் பண்டிகைக்கும் தொலைபேசியில் அழைத்து, மருந்து ஒழுங்காக எடுக்கிறேனா என்று மரியாதையாக விசாரிப்பான். போன நத்தாருக்குத் துணிந்து, நீ நல்லா விளையாடினனீ என்று சொன்னேன்.

“இட்ஸ் ஓகே, அப்பா. அது பழசு.”

சனிக்கிழமைகளில் தொலைக்காட்சியில் யார் யாருடையவோ பிள்ளைகள் ஆடுவதைத் தனியே இருந்து பார்க்கிறேன். பிள்ளைக்குச் சொல்லவேண்டிய நல்ல வார்த்தையைப் பிந்திச் சொன்னால், அதற்காகக் காத்திருந்த பிள்ளை அங்கே இருப்பதில்லை என்பது அப்போதெல்லாம் மனதை அறுக்கிறது.