பத்தொன்பதாவது கையெழுத்து

தெல்டா பிங்கம் முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அதனால் வெஸ்ட் ஹார்லோவில் நாற்பது வயதுக்கு உட்பட்ட எவனும் அவளிடம் வாலாட்ட முடியாது. எவன் முதல் நாள் அழுதுகொண்டே ஏறினான், எவன் கடைசி இருக்கையில் தவளையை விட்டான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அறுபத்து நாலு வயதில், முழங்கால் வலியோடு, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜனவரிக் குளிரில் அவள் மேசை போட்டு உட்கார்ந்து கையெழுத்துக் கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

கையெழுத்து எதற்கென்றால், வரிசை வாக்குக்காக. ஒருவனை மட்டும் தேர்ந்தெடுக்காமல், இவன் முதல், இவன் இரண்டாவது, இவன் மூன்றாவது என்று வாக்காளர் வரிசைப்படுத்தலாம். முதல் ஆள் தேறாமல் போனால் அந்த வாக்கு வீணாகாமல் இரண்டாவது ஆளுக்குப் போய்ச் சேரும். மக்கள் வாக்குப் போட்டு அதைச் சட்டமாக்கியே வைத்திருந்தார்கள். தலைநகரில் இருந்தவர்கள் அதைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். நாம் அனுப்பி வைத்த ஆட்களே நாம் போட்ட சட்டத்தைத் தூக்கிப் பரணில் போட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அதைத் திரும்பக் கொண்டுவரத் தொண்ணூறு நாளில் அறுபதாயிரம் கையெழுத்துக்கு மேல் வேண்டும். கூலி வாங்காமல் தெருத்தெருவாக அலைந்தவர்களில் தெல்டாவும் ஒருத்தி.

அவள் பிடித்த இடம் ஊர்க் குப்பை நிலையம். சர்ச்சுக்கு வராதவன்கூட சனிக்கிழமை குப்பை கொட்ட வந்துதான் ஆகவேண்டும். காவலாளி வெண்டெலின் தகரக் கொட்டகைக்கு வெளியே மேசை. பேனா மை உறைந்துபோகும் என்பதால் நாலைந்து பேனாக்களைச் சட்டைக்குள் அக்குளில் செருகி வைத்திருப்பாள். ஒன்று எழுதாமல் போனால் உள்ளே கைவிட்டு அடுத்ததை எடுத்து நீட்டுவாள். வெதுவெதுப்பான பேனாவை வாங்கக் கூச்சப்பட்டவர்கள் உண்டு. அதற்கெல்லாம் அவள் அசரவில்லை.

ஒரு உருளைக்கிழங்கு விவசாயி மூட்டையை வீசிவிட்டு வந்து வம்புக்கு நின்றார்.

“ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. அப்படித்தான் எங்கப்பா காலத்துலேர்ந்து. ரெண்டாவது, மூணாவதுன்னு என்னத்துக்கு இந்தக் கூத்து?”

“உன் பொண்டாட்டி மேப்பிள் டோனட் வாங்கிட்டு வான்னு அனுப்புறா. கடையில தீந்துபோச்சு. வெறுங்கையோட போய் நிப்பியா?”

“நின்னா வீட்டுக்குள்ள விடமாட்டா.”

“அப்ப என்ன பண்ணுவே?”

“சாதா டோனட்டாவது வாங்கிட்டுப் போவேன்.”

“அவ்ளோதான்யா விஷயம். அந்த ரெண்டாவதை முன்கூட்டியே எழுதிக் குடுத்துடுறோம். போடு கையெழுத்து.”

முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

இவ்வளவு சாமர்த்தியமும் அவளுடைய தங்கை நடீனிடம் மட்டும் செல்லவில்லை. நடீன் க்ராக்கெட் ஊர் அலுவலகத்தின் கிளார்க். வாக்காளர் பட்டியல் அவள் கையில். தெல்டா கொண்டுவரும் ஒவ்வொரு தாளிலும் உள்ள பெயர்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு முத்திரை குத்துவதும் அவள்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் கவர்னர் தேர்தலில் மூன்று பேர் முட்டிமோதியபோது தெல்டா கட்சி சாராத மூன்றாவது ஆளுக்குப் போட்டாள். அக்கா தங்கை இருவருக்குமே பிடிக்காத ஆள் பாதிகூட எட்டாத வாக்கில் ஜெயித்துவிட்டார். அந்த நவம்பர் விருந்தில் எல்லோர் முன்னாலும் நடீன் சொன்னாள்: “ஜெயிச்ச ஆளுக்கே நேரா போட்டிருக்கலாமேக்கா. எதுக்குச் சுத்தி வளைச்சே?”

தெல்டா பாதித் தட்டோடு எழுந்துபோனாள். அதன் பிறகு இருவரும் பேசாமல் இல்லை. பனி எவ்வளவு விழுந்தது, கூரை ஒழுகுகிறதா, பூனை சாப்பிட்டதா என்று பேசினார்கள். வேறு எதையும் தொடவில்லை. தன் பொறுப்பில்லாத்தனம் ஊருக்கே கேடு என்று தங்கை நினைக்கிறாள் என்பது தெல்டாவுக்கு ஏழு வருஷமும் தொண்டையில் முள்ளாகவே கிடந்தது.

கடைசிச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவளுக்கு அவசரம். குப்பை நிலையத்தில் கழிவறை கிடையாது. பெட்ரோல் பங்குக்குத்தான் போகவேண்டும். வெண்டெலைக் கூப்பிட்டாள்.

“யாராவது வந்தா நிக்கச் சொல்லு. நான் கண்ணால பார்க்காம யாரும் கையெழுத்து போடக்கூடாது. போட்டா செல்லாது.”

“பத்துத் தடவை சொல்லிட்டே. போய்ட்டு வா தாயே, வழியில ஏதாவது ஆகிடப்போகுது.”

கால்மணி நேரத்தில் திரும்பினாள். நண்பகலில் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதால் ஒரே கூட்டம். தாளின் மேல்பாதியைப் பனி படாமல் பிளாஸ்டிக் உறையால் மூடிவிட்டு, கீழே கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டே போனாள். மேலே எத்தனை என்று எண்ண நேரமில்லை.

பிற்பகல் வீட்டில் பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தாளை விரித்தாள். மொத்தம் முப்பத்தாறு. ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டு வந்தவள் பத்தொன்பதில் நின்றாள். நடீன் க்ராக்கெட். வளைவு நெளிவு இல்லாமல், ஊரின் ஒவ்வொரு பிறப்புச் சான்றிதழிலும் இருக்கும் அதே கையெழுத்து.

தெல்டாவுக்கு முதலில் சந்தோஷம்தான் பொங்கியது. வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம்தான் உறைத்தது, நடீன் போட்டதைத் தான் பார்க்கவில்லை என்று. உடனே வெண்டெலுக்குப் போன் போட்டாள். அவன் சாவகாசமாகச் சொன்னான்.

“உன் தங்கச்சி ரோட்டோரமா காரை நிறுத்திட்டு அரைமணி நேரமா உக்காந்திருந்தா. நீ போனப்புறம்தான் இறங்கி வந்தா. நீ சொன்னதை அப்படியே சொன்னேன். ‘வெண்டெல், அந்தச் சட்டத்தை எனக்கா சொல்லித்தரே’ன்னு கேட்டுட்டு, போட்டுட்டுப் போய்ட்டா. நான் என்ன பண்ண முடியும், அவளைக் கையைப் பிடிச்சு இழுக்கவா?”

ஆக, செல்லாது என்று தெரிந்தேதான் போட்டிருக்கிறாள். தாளைக் கொடுக்கும்போது, இதிலுள்ள ஒவ்வொருவரும் என் கண் முன்னால்தான் கையெழுத்திட்டார்கள் என்று தெல்டா கை உயர்த்திச் சத்தியம் செய்யவேண்டும். அது பொய் என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் மூன்றே பேர். வெண்டெல் வாயைத் திறக்கமாட்டான். நடீன்? சத்தியம் தவறுகிறாளா என்று அக்காவைச் சோதிக்கிறாளா? அல்லது இதுதான் ஏழு வருஷம் கழித்து அவள் கேட்கும் மன்னிப்பா?

சோதனை என்றால் பெயரை அடித்துவிடலாம். மன்னிப்பு என்றால் அதன் மேல் எப்படிக் கோடு கிழிப்பது? ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை பேனாவை எடுத்தாள், மூன்று தடவையும் கீழே வைத்தாள். தங்கைக்குப் போன் செய்து நேராகக் கேட்டிருக்கலாம். அந்த வீட்டுப் பெண்களுக்கு அது மட்டும் வராது. வீம்பிலேயே ஊறியவர்கள்.

செவ்வாய்க்கிழமை கடைசி நாள். நாலு மணிக்குள் தாள்கள் முத்திரையோடு கிளம்பவேண்டும். தெல்டா இரண்டரைக்கு ஊர் அலுவலகத்துக்குள் நுழைந்தாள். நடீன் தலை நிமிராமல் சொன்னாள்.

“நான் உனக்குச் சத்தியம் செஞ்சுவைக்க முடியாதுக்கா. கூடப்பிறந்தவங்களுக்குச் செய்யக்கூடாதுன்னு சட்டம். கார்லிஸ் செய்வா.”

கார்லிஸ் உதவி கிளார்க். தெல்டா ஓட்டிய ஆறாம் எண் பேருந்தில் எட்டு வருஷம் வந்தவள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், இருந்தும் தெல்டா முன்னால் தன்னையறியாமல் நிமிர்ந்துதான் உட்காருவாள். நடீனின் மேசைக்கும் கார்லிஸின் மேசைக்கும் நடுவே நாலடிகூட இருக்காது.

“கையை உயர்த்துங்க தெல்டாக்கா. இந்தத் தாள்ல இருக்கிற எல்லாக் கையெழுத்தையும் உங்க கண் முன்னாலதான் போட்டாங்களா?”

நடீன் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். பேனா நகர்வது நின்றது.

தெல்டாவின் கை மேலே போனது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. தங்கையின் பெயர் முப்பத்தைந்து பெயர்களோடு தலைநகரம் போய்விடும். இருவரும் வீட்டுக்குப் போய்ப் பூனையைப் பற்றிப் பேசலாம். ஆனால் இத்தனை நாள் ஊராரை நிற்கவைத்து, ஒவ்வொரு பெயரும் உண்மையானது என்று அவள் சொன்ன பேச்சு என்னாவது? 

“ஒண்ணைத் தவிர,” என்றாள். கையை இறக்கி, சட்டைக்குள்ளிருந்து பேனாவை எடுத்து, பத்தொன்பதாவது வரியின் மேல் கோடு போட்டாள். பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் போட்டாள்.  “இதை நான் பார்க்கல. மத்த முப்பத்தஞ்சையும் பார்த்தேன். சத்தியமா.”

கார்லிஸ் அந்தப் பெயரைப் படித்தாள். காது மடல் சிவந்துவிட்டது. அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு, ஹீட்டர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். ஹீட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“அடிச்சிட்டே,” என்றாள் நடீன்.

“அடிச்சிட்டேன்.”

“நல்லது. நீ அடிக்கலேன்னா நானே செல்லாதுன்னு எழுதியிருப்பேன்.”

தெல்டாவுக்குச் சுர்ரென்று ஏறியது. “அப்ப எதுக்குடி போட்டே? என்னைச் சோதிச்சுப் பார்க்கவா? முப்பத்தோரு வருஷம் ஊர்ல பிள்ளைங்களை என்னை நம்பி ஏத்திவிட்டாங்க. நீ ஒருத்திதான் இன்னும் என்னை நம்பல.”

“அது இல்லக்கா.”

“பின்னே?”

நடீன் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

“உன் முன்னால போட முடியல. ஏன்னு கேப்பே. கேட்டா சொல்லணும்.”

“இப்ப கேக்குறேன். ஏன்?”

“அந்த வருஷம் எனக்கும் அந்த மூணாவது ஆளைத்தான் பிடிச்சிருந்துது. உன்னைவிட முன்னாடியே. அவர் கூட்டத்துக்குப் போய்க் கடைசி வரிசையில உக்காந்து கேட்டேன், தெரியுமா? ஓட்டுப் போடுற மறைப்புக்குள்ள நின்னப்போ பயம் வந்துடுச்சு. இவர் எங்க ஜெயிக்கப்போறாருன்னு. அந்த ஜெயிச்ச ஆளு வந்துடக்கூடாதேன்னு, எனக்குப் பிடிக்காத இன்னொருத்தருக்குப் போட்டுட்டு வந்தேன். அதுவும் ஒண்ணுக்கும் உதவல. நீ மட்டும் உனக்குப் பிடிச்ச ஆளுக்குப் போட்டுட்டு, தலை நிமிர்ந்து உக்காந்து விருந்து சாப்பிட்டே. எனக்குத் தாங்கல.”

தெல்டா போய்க் கார்லிஸின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏழு வருஷம். ஊரைக் கெடுத்தவள் நான்தானோ என்று எத்தனை முறை தனக்குள்ளேயே விசாரணை நடத்தியிருப்பாள். இவளோ பக்கத்துத் தெருவில் இதை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஓங்கி ஒன்று வைக்கலாம்போல் கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. இரண்டையும் அவள் மறைக்கவில்லை.

“பாவிப் பெண்ணே,” என்றாள். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் உன் பக்கத்துலதானே உக்காந்திருப்பேன், அந்தக் கடைசி வரிசையில.”

நடீன் மூக்கை உறிஞ்சினாள்.

தெல்டா பைக்குள்ளிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். பேனாவை நீட்டினாள்.

“போடு. நான் பார்க்கணும்.”

நடீன் போட்டாள். முப்பது வருஷமாக ஒரே மாதிரி போட்ட கையெழுத்து, இந்த முறை பாதியில் தடுமாறி, நிதானித்து, மறுபடி நகர்ந்தது. தெல்டா ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தாள். அவசரப்படுத்தவில்லை.

பிறகு கார்லிஸை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் தாளைப் புரட்டிப் பார்த்தாள். மறுபக்கமும் பார்த்தாள்.

“ஒரே ஒரு பேருக்கு ஒரு முழுத் தாளாக்கா?”

“ஆமாம். கேளு.”

கார்லிஸ் கேட்டாள். தெல்டா கையை உயர்த்தினாள்.  நடீன் இந்த முறை தலை நிமிர்ந்து பார்த்தாள்.

“என் கண் முன்னாலதான் போட்டா,” என்றாள் தெல்டா.