அனார்குல் கொடுத்த எலும்புகள்

எங்கள் மலையூர் நாரினில், தெருவிலேயே பிள்ளைகளிடம் தொண்டை வற்றக் கத்தியவள் அடுத்த வீட்டு அனார்குல்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ். பனி கரைந்தாலே புருஷன் ஆடுகளோடு மலைக்குப் போய்விடுவான். மகன் எர்மெக், மகள் பெர்மெத் என்று இரண்டு வாண்டுகளோடு இவள் தனியாக மல்லுக்கட்டுவாள்.

வீட்டு வேலை செய்கிற பிள்ளைக்குக் காகித நட்சத்திரம் ஒட்டச் சொன்னாள் பள்ளிக்கூடத்து டீச்சர். நட்சத்திரத்துக்கு இவள் எங்கே போவாள்? வீட்டில் ஒரு பை நிறைய ஆட்டுக் கணுக்கால் எலும்பு கிடந்தது. தண்ணீர் கொண்டுவந்தால் ஓர் எலும்பு, அடுப்புக்கு வறட்டி அள்ளிவந்தால் ஒன்று, வீட்டுப்பாடக் கணக்கை முடித்தால் ஒன்று. லீவு விட்டதும் யாரிடம் எலும்பு அதிகமோ அவர்களுக்குப் பழுப்புக் குதிரை. அதில் ஏறி மலைக்குப் போய் அப்பாவைப் பார்க்கலாம். மற்றவர் என் வீட்டுக்காரரின் லாரியில், மூட்டைகளோடு.

பெர்மெத்துக்கு அந்தக் குதிரை என்றால் உயிர். ஓடி ஓடி வேலை செய்தாள். பாவம், கை காய்த்தேவிட்டது.

எலும்பு கையில் கிடைத்தால் நம் பிள்ளைகள் என்ன செய்யும் என்று இந்த மகராசிக்குத் தோன்றவே இல்லை. தரையில் வட்டம் போட்டு எலும்பை வைத்து, பெரிய எலும்பால் அடித்து வெளியே தள்ளினால் தள்ளியவனுக்குச் சொந்தம். நடக்கப் பழகியதிலிருந்து இதைத்தானே ஆடுகிறோம்! எர்மெக் ஒரு வாளிகூடத் தூக்கவில்லை. லீவுக்கு முந்தின நாள் தங்கச்சியை உசுப்பேற்றி ஆடவைத்து, அவள் சேர்த்த அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விட்டான்.

பெர்மெத் அழவில்லை. வாளியைத் தூக்கி எறிந்தாள்.

"இனிமே நான் தண்ணி எடுக்க மாட்டேன். கணக்கும் போட மாட்டேன்."

"அவகிட்டயே திருப்பிக் குடுத்துடுடா," என்றாள் அனார்குல்.

"யார்கிட்ட அதிகமோ அவங்களுக்குன்னு நீதானம்மா சொன்ன? வேலை செஞ்சுதான் சேக்கணும்னு சொன்னியா?" என்றான் எர்மெக்.

எனக்குக் கை பரபரத்தது. "முதுகுல நாலு சாத்து சாத்துடி."

"சொன்ன சொல்ல மாத்தினா நாளைக்கு இதுங்க எதுக்கும் மசியாதுங்கக்கா," என்றாள். பை காலி. என்னிடமே ஒரு கைப்பிடி எலும்பு வாங்கிக்கொண்டு, நர்ஸ் உடுப்போடு முற்றத்தில் உட்கார்ந்தாள். "வாடா, என்கூட ஆடு."

"அதுவும் எனக்குத்தான், பாத்துக்க," என்று சிரித்தான் பயல். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. அடேயப்பா, அனார்குலுக்கு என்ன குறி! ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசி எலும்பை வைக்கும்போது அவன் மூக்கை உறிஞ்சினான்.

"இப்ப யார்கிட்டடா அதிகம்?"

"உங்கிட்ட."

"அப்பக் குதிரை எனக்கு. முன்னாடி யார உக்கார வெச்சுக்கறேங்கறது என் இஷ்டம்."

மறுநாள் எர்மெக் லாரியில் மாவு மூட்டைமேல் உம்மென்று உட்கார்ந்திருந்தான். குதிரைமேல் அம்மாவுக்கு முன்னால் பெர்மெத், முகமெல்லாம் பல். எனக்குக் கண் கலங்கியது, சொன்னால் என்ன.

கடிவாளத்தைப் பிடித்தபடி பெர்மெத் திரும்பிக் கேட்டாள்: "அம்மா, தண்ணி எடுத்தெல்லாம் எலும்பு சேக்க எனக்கு முடியாது. நீ ஆடக் கத்துக்குடு. அடுத்த வருஷம் நான் தனியாவே ஏறிப்பேன்."

அனார்குல் என்னைப் பார்த்தாள். குதிரையைத் தட்டிவிட்டாள்.