வலது பக்கம் போகாத பெண்

பனிக்கட்டி மேல் சறுக்கி ஆடும் ஹாக்கி ஒன்று உலகத்தில் உண்டாம். எங்கள் திண்டுக்கல் ஹாக்கி புழுதி மேல் ஆடுவது. கல்லூரிக் காலத்தில் அந்தப் புழுதியைக் கொஞ்சம் விழுங்கியவன் என்ற ஒரே தகுதியில், விளையாட்டு விடுதிக்கு மாணவிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். மற்ற இருவர், விடுதியின் பயிற்சியாளரான ஓர் அம்மையாரும் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவரும். அவர்களுக்கு விஷயம் தெரியும். எனக்கு ஸ்டாப்வாட்ச் தந்திருந்தார்கள்.

சித்தையன்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். வலது ஓர முன்கள ஆட்டக்காரி. ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தாள். ஓட்டப் போட்டியில் அவள் கோட்டைத் தாண்டியபோது நான் வாட்சை நிறுத்தவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மறுபடி ஓடச் சொன்னோம். மறுபடியும் அதே வேகம்.

ஆட்டம் தொடங்கியதும்தான் சங்கடம். பந்தோடு பறப்பாள். எதிரே வலது பக்கம் கோடு வரைக்கும் ஈ காக்கா இருக்காது. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகலாம். இவளோ ஏதோ கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டியவள் போலச் சட்டென்று இடது பக்கம் வெட்டுவாள். அங்கே நாலு பேர் தடியோடு காத்திருப்பார்கள். பந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் இதே கதை.

"காலு இருக்கு அப்பு, மண்டைதான் இல்ல" என்றார் மாஸ்டர். அம்மையார் எதையோ குறித்துக்கொண்டார்.

அவளுடைய அம்மா வேப்பமரத்தடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார். காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டார்: "இதுல எடுக்கலைன்னா திங்கக்கிழமை நூல் மில்லு வேலைக்கு வேன்ல ஏத்திவிட்டுருவேன்னு இவுக அப்பா சொல்லிட்டாக சார். பத்தாவது படிச்சது போதுமாம்." அதைக் கேட்ட பிறகு அவள் இடது பக்கம் வெட்டும்போதெல்லாம் நான் வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்த்தேன்.

இடைவேளையில் அவளிடம் போனேன்.

"ஏம்மா, வலது பக்கம் காலியாத்தான கெடந்துச்சு?"

"அங்கிட்டுப் போகக்கூடாதுல்ல சார்."

"யாரு சொன்னா?"

"கிரிக்கெட் அண்ணனுக. பிட்சை மிதிச்சா பேட்டைத் தூக்கிட்டு அடிக்க வருவானுக."

மெல்ல மெல்ல விளங்கியது. அவள் ஊர் மைதானத்தில் ஒரு முனையில் மட்டும்தான் கோல் கம்பம். எப்போதும் அதைப் பார்த்தேதான் அடிக்க வேண்டும். வலது பாதி கிரிக்கெட்காரர்களுடையது. எல்லைக்குச் செங்கல் வரிசை. மிச்சப் பாதியில்தான் ஹாக்கி. ஐந்தாம் வகுப்பிலிருந்து அந்தச் செங்கல்லுக்கு முன்னால் இடது பக்கம் வெட்டியே வளர்ந்த கால்கள் அவை. இங்கே செங்கல் இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை.

பெரிய கண்டுபிடிப்புச் செய்தவன் போல மூச்சிரைக்கப் போய் அம்மையாரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"புரியுது சார். ஆனா காரணத்தை வச்சுக்கிட்டு நான் டீமை நடத்த முடியாது. கால் பழகினது சிலருக்கு மாறும், சிலருக்கு மாறவே மாறாது. மாறலைன்னா ஆறு மாசத்துல திருப்பி அனுப்பணும். அது இதைவிடக் கொடுமை."

இருந்தாலும் கடைசியாகக் கொஞ்ச நேரம் அவளுக்கென்றே கொடுத்தார். "வலது பக்கம் மட்டும்தான் போகணும்" என்று கட்டளை. முதல் தடவை பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. அடுத்த தடவை, யாரோ திட்டப்போகிறார்கள் என்பது போல ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓடினாள், வேகம் பாதியாகிவிட்டது. அதற்கடுத்தது மட்டும் கோட்டை ஒட்டியே ஒரு ஓட்டம். மாஸ்டரே எழுந்து நின்றுவிட்டார். முனை வரை போய்ப் பந்தை உள்ளே தள்ளினாள். அதை வாங்கிக் கோல் அடிக்க அங்கே ஆள் இல்லை.

மாலையில் பெயர்களைப் படித்தார்கள். அவள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள். யாராவது வராமல் போனால் கூப்பிடுவார்கள். அம்மையார் என் பக்கம் திரும்பி, "இதுக்கு மேல என்னால முடியல சார்" என்றார். நியாயமான மனுஷி. அவர் மேல் கோபப்படவும் வழியில்லை.

அந்த அம்மா என்னிடம் வந்தார். "வெயிட்டிங்குன்னா கெடச்ச மாதிரியா சார், கெடைக்காத மாதிரியா?"

வார்த்தைகளை வைத்துப் பிழைப்பவன் நான். "அது வந்தும்மா, ரெண்டுக்கும் நடுவுல..." என்று இழுத்தேன்.

"ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க சார். இவுக அப்பாவுக்கு நடுவுல உள்ளதெல்லாம் வெளங்காது. வேன்காரன் நாளைக்கே கேட்டு வருவான்."

"கெடச்ச மாதிரிதான்னு சொல்லுங்கம்மா" என்றேன். அப்படி யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அம்மாவின் முகம் மலர்ந்தது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, "வாரோம் சார்" என்று கும்பிட்டார். அந்தப் பெண் மட்டும் நகரவில்லை. பெயர் படித்தபோது அவளும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்.

"நெசமாவா சார்?"

நான் ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தேன். அது என் கையில்தான் இருந்தது.