வெயில் விழாத ஜன்னல்

இது நடந்தது. கதை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

மதுரை ஆனையூரில் எங்கள் வீடு மாடியில். பக்கத்து வீட்டு மாடிக்கும் எங்களுக்கும் நடுவே நான்கடிச் சந்து. ஜன்னலுக்கு ஜன்னல் நேர். அங்கே மாயக்காள் அக்கா தனியாக இருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். மகன் சோணைக்குத் திருப்பூரில் வேலை. அக்காவுக்கு நம்பர் பார்த்துப் போன் போட வராது. "நாஸியா... தாயி... சோணைக்கு ஒரு போன் போட்டுக் குடு" என்று கூப்பிடுவார். நான் என் போனில் போட்டு, ஜன்னல் கம்பி வழியாக நீட்டுவேன். அவரும் கையை நீட்டி வாங்கிக்கொள்வார்.

ஆரம்பத்தில் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. பிறகு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன். சரியாக மூன்று மணி வகுப்பில்தான் அந்தக் குரல் வரும். பிள்ளைகள் சிரிக்கும். "உங்க வீட்டுல சத்தம் ஜாஸ்தியா இருக்கு மிஸ்" என்று ஒரு அம்மா மெசேஜ் போட்டார். வேலை இருக்குக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. ஜன்னலுக்கு சோலார் ஷேடு போடலாம் என்று என் வீட்டுக்காரர் யாசீனிடம் சொன்னேன். வெயிலைத் தடுக்கும் சுருள் திரை. வெக்கை தாங்கவில்லை என்று காரணமும் சொன்னேன்.

சிம்மக்கல் கடையில் ஜலால் பாய் துணி மாதிரிகளை விரித்தார். பத்து பர்சென்ட், அஞ்சு, மூணு. எண் குறையக் குறைய நெசவு நெருக்கம். வெள்ளை வெக்கையைக் குறைக்கும், கறுப்பில் உள்ளிருந்து பார்த்தால் வெளியே நன்றாகத் தெரியும் என்றார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உள்ள நான் இருக்கிறது வெளிய தெரியுமா பாய்?"

"பகல்ல தெரியாது. நீங்க பாக்கலாம், அவங்க பாக்க முடியாது. ராத்திரி லைட் போட்டா உல்டா."

கறுப்பில் மூணு பர்சென்ட் எடுத்தேன்.

அளவெடுக்க வந்தவர் பெயர் காளை. சந்துக்குள் எட்டிப் பார்த்தார். "அக்கா, இந்த ஜன்னல்ல வெயிலே விழாதே" என்றார். எதிரே மாயக்காள் அக்கா சிரித்தார். "உங்க வழக்கத்துக்கு மறைப்பு வேணும்ல. நல்லதுதேன் தாயி." ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு மனுஷியைத் தவிர்க்க மார்க்கத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை, மூன்று மணி. காளை ஷேடை மாட்டி முடித்தார். எதிரிலிருந்து குரல் வந்தது. "நாஸியா... தாயி..." வழக்கமான குரல்தான். கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அக்கா, உங்களத்தேன் கூப்புடுறாக."

"நீங்க இறக்கி விடுங்க" என்றேன்.

ஷேடு இறங்கியது. கண்ணாடியையும் சாத்தச் சொன்னேன்.

புதன், மூன்று மணி. ஷேடு வழியாகப் பார்த்தேன். அக்கா ஜன்னலில் நின்றார். கூப்பிடவில்லை. கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார், போனை வாங்குகிற மாதிரி. நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அந்த அறையில் லைட்கூடப் போடவில்லை.

வியாழன். அதே சேலை. அதே கை. நான் நாற்காலியை விட்டு பீரோ பக்கம் நகர்ந்தேன். அவர் கண்ணும் கூடவே நகர்ந்தது.

பகலில் உள்ளே தெரியாது. தெரியவே தெரியாது...

வெள்ளி. எங்கள் வீட்டில் அந்த ஜன்னல் விளிம்பில் மட்டும்தான் டவர் கிடைக்கும். போனை அங்கே, ஷேடுக்குப் பின்னால் வைத்துத்தான் லேப்டாப்புக்கு நெட் எடுப்பேன். மூன்று பன்னிரண்டுக்கு நெட் போய்விட்டது. பிள்ளைகளின் முகங்கள் அப்படியே நின்றன.

நிமிர்ந்தேன். எதிர் ஜன்னலில் யாரும் இல்லை.

கிணுங்... கிணுங்... கண்ணாடியில் வளையல் இடிக்கும் சத்தம்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

ஷேடில் ஒரு புடைப்பு. உள்ளங்கை அளவு. மெல்ல மேலே ஏறியது. காது உயரத்தில் நின்றது.

யாரோ தாழ்ந்த குரலில் பேசினார்கள்...

ஓடினேன்.

யாசீன் வந்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். போன் வைத்த இடத்திலேயே இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு எதிர் வீட்டில் அழுகைச் சத்தம். சோணை வந்து கதவை உடைத்திருந்தான். அக்கா ஜன்னலுக்குக் கீழே கிடந்தார். மாரடைப்பு. செவ்வாய்க்கிழமை மத்தியானமே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

காரியம் முடிந்ததும் சோணை எங்கள் வீட்டுக்கு வந்தான். என்னைக் கும்பிட்டான்.

"நீங்க போன் போட்டுக் குடுக்கலேன்னா எங்காத்தா இன்னும் எம்புட்டு நாள் அங்கனயே கெடந்திருக்குமோக்கா."

"எப்ப சோணை?"

"வெள்ளிக்கெழம மூணேகாலுக்கு உங்க நம்பர்ல இருந்து வந்துச்சுல்ல. ஆத்தாதேன் பேசுச்சு. உடனே கெளம்பி வாடான்னுச்சு. டாக்டரு என்னமோ செவ்வாக்கெழமைன்னு தப்பாச் சொல்றாரு."

"வேற... என்ன சொன்னாங்க?"

"நாஸியா வீட்டுத் திரைக்குள்ளதேன் நிக்கிறேன், புள்ள வேலையா இருக்கு, சத்தமாப் பேசாதடான்னுச்சு."

யாசீன் என்னைப் பார்த்தார்.

"ஆமா, நான்தான் போட்டுக் குடுத்தேன்" என்றேன்.

சோணை மறுபடியும் கும்பிட்டான். நான் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஷேடு இன்னும் இறங்கியேதான் இருக்கிறது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதைத் தூக்குவது?