விழுகிறவர்களைப் பிடிக்கிற வேலை

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. என் வாழ்க்கையில் ஆறு வருடங்களை நான் மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று கழித்திருக்கிறேன். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, முழங்காலைச் சற்றே மடித்து, கோழி பிடிக்கப் போகிறவனைப் போல நிற்பேன். அதற்கு எங்கள் சபையில் ஊழியம் என்று பெயர். பாஸ்டர், வரிசையில் நிற்கிற ஒருவருடைய நெற்றியில் கை வைத்து ஜெபிப்பார். அந்த ஆள் பின்பக்கமாகச் சரிவார். நான் அக்குளில் கை கொடுத்து ஏந்தி, தரையில் மெல்லக் கிடத்திவிட்டு, வரிசையில் அடுத்த ஆளுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். உலகம் உண்டாவதற்கு முன்பே ஆண்டவர் இந்த வேலைக்கென்று என்னைத் தெரிந்துகொண்டார் என்று நான் நம்பியிருந்தேன். பாஸ்டர் என்னைத் தெரிந்துகொண்ட காரணம் வேறு. நான் அரிசி மில்லில் மூட்டை தூக்கினவன்.

மில் வேலை போய் வீட்டில் சும்மா இருந்த காலம் அது. வாவிக்கரையில் தகரக் கூரை போட்ட அந்த மண்டபத்துக்குள் முதல் நாள் நான் போனது பாட்டுக் கேட்கத்தான். யாரோ என் கையைப் பிடித்து "பிரதர்" என்றார். அதுவரை என்னை எவரும் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். பிறகு விழுகிறவர்களைப் பிடிக்கிற ஆளாகவும் ஆனேன். எங்கள் மாமா செத்தபோது, இந்துச் சடங்கு நடக்கிற வீட்டுக்குப் போகக்கூடாது என்று சபையில் சொன்னதற்காக, காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். என் மனைவி எங்கள் சபைப் பக்கமே வராதவள். அவள் மூன்று நாட்கள் எனக்கு மல்லித்தண்ணியும் கஞ்சியும் மட்டும் தந்தாள். இன்னொரு முறை கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டு, எழும்பாமலே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அங்க எண்டா பறந்து போய்ப் புடிப்பீங்க. நான் விழக்க மட்டும் பேப்பர் பார்க்கிறீங்க."

நான் எழுத நினைத்தது என்னைப் பற்றியல்ல, பாஸ்டரம்மாவைப் பற்றி. பாஸ்டரின் மனைவியை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். மெலிந்த மனுசி. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கிடத்திக்கொண்டு போக, அவர் என் பின்னால் ஒரு கட்டுத் துணியோடு வந்து, விழுந்து கிடக்கிற பெண்களின் காலை மூடிப் போர்த்திவிடுவார். ஆறு வருடங்கள் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வரிசையில் வேலை செய்தோம். பேசிக்கொண்டது ஆறு வசனம் இருக்குமோ தெரியாது. இழுத்து மூடுகிற சிப் வைத்த வேதாகம உறை ஒன்று எப்போதும் அவருடைய கக்கத்தில் இருக்கும். பாட்டுப் பாடும்போதுகூட அதைக் கீழே வைக்க மாட்டார்.

அந்தச் சபை நின்றதே அவருடைய சாட்சியின் மேல்தான். பாஸ்டரம்மாவுக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தம் கடுமையாக இருந்தது, காலை எடுக்கவேண்டும் என்று டொக்டர்மார் சொன்னார்கள், பாஸ்டர் நாற்பது நாள் உபவாசமிருந்து ஜெபித்தார், வருத்தம் பறந்துபோனது. இதைப் பாஸ்டர் மாதத்துக்கு ஒரு முறையாவது சொல்லுவார். பாஸ்டரம்மா பக்கத்தில் தலையைக் குனிந்தபடி நிற்பார். அவர் வாயால் அதைச் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை, கேட்கவில்லையே என்று எனக்குத் தோன்றியதுமில்லை. வந்தாறுமூலையிலிருந்தும் அதற்கு அங்காலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். மருந்தை நிறுத்துங்கள் என்று பாஸ்டர் நேரடியாகச் சொல்லமாட்டார். "ஒரு கையில விசுவாசம், மறு கையில மாத்திரை. ரெண்டு கையும் நிறைஞ்சு கிடந்தா என்னண்டு கை தட்டுவீங்க?" என்று கேட்பார். சனம் சிரிக்கும். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறவன் நான். சிரித்து முடிய, சிலர் எழும்பி வந்து தங்கள் மாத்திரைகளையும் ஊசி மருந்தையும் மேடையில் வைப்பார்கள். கூட்டம் முடிந்த பிறகு அந்த மருந்தெல்லாம் எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. ஊரில் எங்களைப் பற்றிப் பலதும் பேசினார்கள். பேசுகிறவர்களைப் பார்த்து நாங்கள் இரக்கப்பட்டோம்.

என் அக்காவை அந்தச் சபைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான்தான். அக்கா பெரியகல்லாற்றில் தனியாக இருக்கிறாள். அத்தான் இல்லை, மகள் கட்டாரில். அக்காவுக்கும் சீனி வருத்தம், காலையும் மாலையும் ஊசி. ஒரு முறை சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தோம். மூன்றாம் நாள் காலையில் அக்கா வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள். உபவாசத்துக்குச் சாப்பாட்டைத்தானே விடச் சொன்னார்கள் என்பது அவளுடைய கணக்கு. வரிசையில் நிற்கும்போதே அவளுக்கு நடுங்கியது, வியர்த்து ஊற்றியது, வாய் ஏதோ குழறியது. சுற்றி நின்றவர்கள் அபிஷேகம் இறங்குகிறது என்று கைகளை உயர்த்தினார்கள். பாஸ்டரின் கை அவள் நெற்றியில் பட்டதோ இல்லையோ, அக்கா சரிந்தாள். நான் பிடித்தேன்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஜெபத்தில் விழுகிறவர்கள், அது எவ்வளவு ஆழமான ஜெபமாக இருந்தாலும், கழுத்தைத் தளர விடமாட்டார்கள். தலை தரையில் மோதுவதை யாரும் விரும்புவதில்லை. நூற்றுக்கணக்கான கழுத்துகளை ஏந்தியவன் என்பதால் எனக்கு இது தெரியும். ஒருவரிடமும் சொன்னதில்லை, எனக்கே நான் சொல்லிக்கொண்டதுமில்லை. அக்காவின் கழுத்தில் ஒரு பிடிமானமும் இல்லை. தலை தன்பாட்டுக்குத் தொங்கி என் முழங்கையில் விழுந்தது. சட்டை முதுகில் நனைந்து, ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. என் கைகளுக்கு அது அந்தக் கணமே விளங்கிவிட்டது. அப்படியிருந்தும் நான் அவளைக் கிடத்திவிட்டு அடுத்த ஆளுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இத்தனை வருடங்களாக யோசிக்கிறேன். பாஸ்டரின் கை ஏற்கெனவே அடுத்த நெற்றியில் இருந்தது, அந்த மனுசி விழப்போகிறாள், பின்னால் ஆள் இல்லை. இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது பாஸ்டரம்மா அக்காவின் பக்கத்தில் குந்தியிருந்தார். போர்த்திவிட்டு உடனே எழும்புகிறவர் அன்றைக்கு எழும்பவில்லை. வேதாகம உறையின் சிப்பை இழுத்துத் திறந்து, உள்ளே இருந்து ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலத்தை எடுத்தார். விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கி, அந்த வெள்ளைத் தூளைத் தொட்டு, அக்காவின் கன்னத்தின் உட்பக்கமாகத் தடவினார். மறுபடி தொட்டார், மறுபடி தடவினார். பக்கத்தில் இருந்தவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். பிடிக்கிறவன் கண்ணை மூடக்கூடாது என்பது சபைச் சட்டம், ஆகையால் நான் மட்டும் பார்த்தேன். அது குளுக்கோஸ், ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் சீனி இறங்கினவர்களுக்குக் கொடுப்பது. இரண்டு பாட்டு முடிய அக்கா கண்ணைத் திறந்து, "பாட்டு ஏன் நிண்டுட்டு?" என்று கேட்டாள். பாஸ்டர் மைக்கோடு ஓடி வந்தார். செத்தவள் எழும்பினாள் என்றார், இந்த நாளிலிருந்து இவளுக்குச் சீனி இல்லை என்றார். மண்டபம் அதிரக் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பாஸ்டரம்மா சிப்பை இழுத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். சொல்லாதே என்றாரா, பிறகு பேசுவோம் என்றாரா, அது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா தன் ஊசி மருந்தைக் கொண்டுவந்து மேடையில் வைத்தாள். எனக்கு உண்மை தெரியும். சொல்லாவிட்டால் அவள் ஊசியை விட்டுவிடுவாள், விட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். நான் செய்தது என்னவென்றால், ஒவ்வொரு நாளும் அவளுக்குப் போன் எடுத்து மீன் விலை விசாரித்தேன். ஒவ்வொரு முறையும் சொல்ல வாய் எடுப்பேன், ஏதாவது பகிடி வரும், அதைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். சொன்னால் பாஸ்டரம்மா அகப்படுவார், சபை உடையும், கை தட்டினவன் என்று நானும் அகப்படுவேன். "விடாய் தாங்கேலாம கிடக்கு தம்பி, குடம் குடமாக் குடிக்கன்," என்றாள் ஒரு நாள். "கால்ல செருப்புக் கடிச்ச புண்ணொண்டு, அதுவும் ஆறுதில்ல." பாஸ்டரிடம் சொன்னாயா என்று கேட்டேன். "ஓம், அது பிசாசு பயம் காட்டுறயாம். அவரே போன் எடுத்து அழுதழுது ஜெபிச்சார்," என்றாள். அவர் அழுதது பொய்யல்ல. அந்த மனுசனின் அழுகையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் எனக்கு இன்னும் குழப்பமாக இருக்கிறது.

மேடையில் மருந்தை வைத்துப் பதினாறாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, நான் பெரியகல்லாற்றுக்குப் பஸ் ஏறினேன். என்ன சொல்வது என்று வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அக்கா வீட்டு வாசலில் பாஸ்டரம்மாவின் செருப்பு கிடந்தது. உள்ளே அவர் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். மடியில் வேதாகம உறை விரியத் திறந்து கிடந்தது. ஒரு பக்கத்தில் சின்னப் புதிய ஏற்பாடு, மறுபக்கத்தில் ஊசியும் மருந்துக் குப்பியும் பஞ்சும். தனக்கே ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டும் நிறுத்தவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது சேலையைச் சரிசெய்துகொண்டு, ஊசியை மூடி உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா வாயைத் திறந்தபடி இருந்தாள்.

"இருவத்திரெண்டு வருஷம் கா," என்றார் பாஸ்டரம்மா. "ஒரு நேரம்கூட விட்டதில்ல."

"அப்ப பாஸ்டர் சொல்லுற சாட்சி?" என்று கேட்டாள் அக்கா.

"அது அவர்ர சாட்சி. என்னட்ட ஆரும் கேக்கல்ல."

"அவருக்குத் தெரியாதா?"

பாஸ்டரம்மா உறையின் சிப்பை இழுத்து மூடினார். "ஒரு வீடு, ஒரு ஃபிரிட்ஜ்தானே கா," என்றார்.

பிறகு கூடைக்குள்ளிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்க் ஒன்றை எடுத்து, அதிலிருந்து அக்காவின் ஊசி மருந்தை எடுத்து மேசையில் வைத்தார். மேடையில் வைத்த அன்றைக்கே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாராம். பழுதாகவில்லை, ஆனாலும் நாளைக்கே கிளினிக்குக்குப் போய்க் காலைக் காட்டு என்றார். அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு செவ்வாயும், பாஸ்டர் வெளியூர் ஜெபக்கூட்டத்துக்குப் போனபின், இந்த மனுசி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி மருந்துகளை வீடுவீடாகத் திருப்பிக் கொடுத்து வந்திருக்கிறார். ஞாயிறு வந்ததும் அதே மேடைக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றிருக்கிறார். நான் உணர்ச்சிவசப்பட்டு ஏதோ புகழ்ந்து சொல்லப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ரெண்டு பேரிட்டப் போகப் பிந்திட்டன் தம்பி," என்றார். யார் அந்த இரண்டு பேர் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு அவர்களுடைய கழுத்து ஞாபகம் வரும் என்று பயந்தேன். ஊசி போட்டால் சாப்பிடவேண்டும் என்பதால் அக்கா பிட்டும் மீன்கறியும் வைத்தாள். பாஸ்டரம்மா நன்றாகச் சாப்பிட்டார். உறைப்புக் கொஞ்சம் கூட என்றார்.

அதன்பிறகு நான் சபைக்குப் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு வெளியேறினேன் என்று எழுத ஆசைதான். முதுகு வலி என்று சொன்னேன். பாஸ்டர் வீடு தேடி வந்து என் முதுகுக்காக ஜெபித்தார். நெற்றியில் அவருடைய கை பட்டபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. பின்னால் பிடிக்க ஆள் இல்லாததால்தான் விழாமல் நின்றேன் என்று நினைக்கிறேன். என்னைப் போல விலகி வந்தவர்கள் சிலர் இப்போது என்னைக் கண்டால், எல்லாம் பொய்தானே என்று கேட்கிறார்கள். நான் ஒரு பகிடி சொல்லிச் சமாளிக்கிறேன். பொய் என்றால் பாஸ்டரம்மாவை எங்கே வைப்பது? ஒரு வார்த்தை மேடையில் பேசியிருந்தால் அந்த இரண்டு பேரும் உயிரோடு இருந்திருப்பார்கள். பேசியிருந்தால் மேடையில் வைக்கப்படும் மருந்தை எடுத்துத் திருப்பிக் கொடுக்க அவர் அங்கே இருந்திருக்கமாட்டார். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அக்காவும் காலையில் ஊசியைப் போட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டு, ஞாயிறு தவறாமல் போய்ப் பாடிவிட்டு வருகிறாள். ஏன் போகிறாய் என்று கேட்டால், பாட்டு நல்லது என்கிறாள்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஏதோ ஒரு துணிவில் எல்லாவற்றையும் சொன்னேன். கழுத்து தொங்கியது, முதுகு குளிர்ந்தது, தெரிந்துகொண்டே நான் அடுத்த ஆளுக்குப் போனது எல்லாம். அக்கா மீன் வெட்டிக்கொண்டு கேட்டாள். கோபப்படவில்லை. அந்த அமைதியைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பாஸ்டரம்மா வந்த அன்று நானும் அதையேதான் சொல்ல வந்தேன், அவர் முந்திவிட்டார் என்றேன். அக்கா கையில் ஒட்டியிருந்த செதிலைத் துடைத்துவிட்டு, முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"பதினாறு நாள் கழிச்சுத்தானே வந்தாய். அதுக்குள்ள நான் செத்திருந்தா, என்னையும் மெல்லக் கிடத்திப்போட்டு அடுத்த ஆளிட்டப் போயிருப்பாய்."