பூட்டுப் படத்தை நம்பினேன், மானம் போனது

தமிழ்நாட்டு சீரியலை எங்கள் நாட்டில் பார்க்க முடியவில்லை என்று, வேறு நாட்டிலிருந்து பார்ப்பது போலக் காட்டும் ஓர் இலவச விபிஎன் ஆப்பைக் கைப்பேசியில் போட்டேன். பூட்டுப் படமும் 'உங்கள் ரகசியம் பத்திரம்' என்ற வாசகமும் போட்டிருந்தார்கள். நம்பி, அதை அணைக்காமலே வைத்திருந்தேன். எனக்கிருந்த மூல நோய்க்கு மருந்து தேடியதும் அதன் வழியாகத்தான்.

எங்கள் ஊரான மஸ்ஜித் தானாவில் சபை ஜெபக்கூட்டம் முடிந்ததும், பாஸ்டரம்மாவிடம் பேரன் படத்தைக் காட்டக் கைப்பேசியை நீட்டினேன். திரை முழுக்க மூல மருந்து விளம்பரம்! போட்டது அந்த விபிஎன் ஆப்பேதான். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வீட்டில் மகள் அதன் விதிமுறைகளைத் தேடிப் படித்தாள். "நீங்க போற வெப்சைட் பேரெல்லாம் விளம்பரக்காரங்களுக்குக் கொடுப்போம்னு அவங்களே எழுதியிருக்காங்க லா, மா!"

சீ! காவலுக்கு வந்தவனே குளியலறையை எட்டிப் பார்த்தது போல உடம்பெல்லாம் கூசியது. அப்போதே அழித்தேன்.

இப்போது, நடத்துகிறவர் யார், எதைச் சேமிக்கிறார், யாருக்குக் கொடுக்கிறார், வெளியாள் யாரும் சோதித்தார்களா என்று மகளை வாசிக்கச் சொல்லாமல் எந்த விபிஎன்னையும் தொடுவதில்லை. இதுவரை ஒன்றும் தேறவில்லை. சீரியல் போனால் போகட்டும்.

பாஸ்டரம்மாதான் ஒவ்வொரு ஞாயிறும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்ப உட்கார முடியுதாம்மா?" என்று கேட்கிறார்.