மச்சாள் படித்த பிரெஞ்சுப் புரட்சி

கரும்பலகையில் ஆசிரியை எழுதிய மூன்று பிரெஞ்சுச் சொற்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன: சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. கனடாவின் மொன்றியல் டவுன்டவுனில், வளர்ந்தவர்களுக்கான பள்ளியொன்றில் நானும் என் கணவரின் அக்காவும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். அவரை நான் மச்சாள் என்றே அழைப்பேன். இலங்கையின் மன்னாரில் கணவரை இழந்து, மகளோடு வந்தவர். டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை. சான்றிதழ் கிடைத்தால் குழந்தைகள் காப்பகத்தில் சேரலாம் என்று படிக்க வந்தார். வகுப்பில் வாய் திறக்கமாட்டார்.

பின்வரிசையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். முப்பது வயதிருக்கும். டோர்வலில் பயணப்பெட்டி ஏற்றும் வேலை. ஊரில் ஆயுத இயக்கமொன்றில் இருந்தவர் என்று தெரியும். எது என்று நாங்கள் கேட்டதில்லை.

பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் பல வாரங்கள் நடந்தது. மன்னனின் பிரசைகளாக இருந்தவர்கள் தங்களைக் குடிமக்கள் என்று அழைக்கத் தொடங்கியதை ஆசிரியை விளக்கியபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பிறப்பால் ஒருவரும் உயர்ந்தவரில்லை, ஆளும் உரிமை மக்களுடையது என்பதையெல்லாம் யாரோ உயிரைப் பணயம் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று அதற்கு முன் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பிறகு பயங்கர ஆட்சி வந்தது. சந்தேகமே குற்றமாயிற்று. விடுதலை பேசியவர்களே ஒருவரையொருவர் துரோகி என்று வெட்டுமேடைக்கு அனுப்பினார்கள். கடைசியில் ஒரு தளபதி பேரரசனாக முடிசூடிக்கொண்டான்.

அன்றுதான் மச்சாள் கை உயர்த்தினார். கொல்லக் கொண்டுபோகப்பட்டவர்களையும் குடிமகன் என்றுதான் கூப்பிட்டார்களா என்று உடைந்த பிரெஞ்சில் கேட்டார். ஆம் என்றார் ஆசிரியை. மச்சாள் என் பக்கம் திரும்பினார். பிறகு தமிழில் சொல்லி, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

“எங்கட அவரைக் கூட்டிக்கொண்டு போனவங்களும் ‘அண்ணை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ’ எண்டுதான் கூப்பிட்டவங்கள். பேந்துதான் துரோகி எண்டாங்கள்.”

நான் அதைப் பிரெஞ்சில் சொல்லி முடித்தேன். சகோதரத்துவம் என்ற அந்த மூன்றாவது சொல்லை இனியும் நம்புகிறீர்களா என்று ஆசிரியை மெல்லக் கேட்டார். நம்புவதாகவும், சொல்லில் பிழையில்லை என்றும் மச்சாள் பதில் சொன்னார். அந்த நிதானம் எனக்கு வந்திராது.

பின்வரிசைக்காரர் எழுந்து வெளியே போனார். அதன்பின் அவர் வகுப்புக்கு வரவேயில்லை. சான்றிதழுக்கான சோதனை நெருங்கியது. ஒரு மத்தியானம் மச்சாள் என்னையும் கூட்டிக்கொண்டு, டோர்வலில் வேலையாட்கள் பஸ் ஏறும் இடத்தில் போய்க் காத்து நின்றார். அங்கே வந்த பின்வரிசைக்காரர் எங்களைக் கண்டதும் தலை குனிந்தார்.

“நான் மன்னாரில இருக்கேல்லை, அக்கா. ஆனா எங்கட இடத்தில அப்பிடிக் கூப்பிடப் போனவன் நான்தான்.”

பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. மச்சாள் திரும்பி நடந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

“மன்னிக்கிறதுக்கு நான் ஆள் இல்லை, தம்பி. அதை அந்தக் குடும்பங்களிட்டத்தான் கேக்கோணும். ஆனா சோதினைக்கு வாரும்.”

வந்தார். இருவரும் தேறினார்கள். மன்னர்களையும் தளபதிகளையும் பற்றிப் பிறகு எவ்வளவோ வாசித்திருக்கிறேன். அந்தப் பஸ் தரிப்பிடத்தில் கண்டதைவிடப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மச்சாள் இப்போது மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் ஒரு காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்க்கிறார். மச்சாளும் பின்வரிசைக்காரரும் நண்பர்களாகவில்லை. தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் நெரிசலாக இருந்தால் அவர் எழுந்து மச்சாளுக்கு இடம் விடுவார். மச்சாள் உட்கார்ந்து, அவருக்கும் இடம் வரும்படி கொஞ்சம் தள்ளிக்கொள்வார்.